ஆரம்பாக்கம் வரை நடத்திப் பார்த்தார்கள்

என் வீட்டுக்காரர் குடிக்க மாட்டார். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஊர் இதை நம்ப மறுத்த காலம் ஒன்று உண்டு, நம்பிய காலம் ஒன்று உண்டு. இரண்டில் எது மோசம் என்று கேட்டால் எனக்கு யோசிக்கவே வேண்டியதில்லை.

எழுபதுகளின் பின்பாதியில் நடந்தது இது. எங்கள் ஊர் பழவேற்காட்டு ஏரியின் மேற்குக் கரையில், ஆந்திர எல்லைக்குப் பக்கத்தில் இருந்தது. இந்தப் பக்கம் மதுவிலக்கு, அந்தப் பக்கம் சாராயக் கடை. சாயங்காலமானால் ஆண்கள் வரப்பைத் தாண்டிப் போவதும் இருட்டுகிற நேரத்தில் திரும்பி வருவதும் வழக்கம். வருகிற நடையைப் பார்த்தே எவன் எவ்வளவு ஊற்றிக்கொண்டான் என்று பெண்கள் சொல்லிவிடுவோம். அதற்கெல்லாம் யாரும் எங்களுக்குப் பாடம் எடுக்கவில்லை. எங்கள் ஊரில் ஒருவன் தள்ளாடினால் அதற்குக் காரணம் ஒன்றுதான், இன்னொரு காரணம் இருக்கலாம் என்று யாருக்கும் தோன்றியதில்லை.

அவருக்கு அது எப்போது ஆரம்பித்தது என்று சரியாகச் சொல்ல முடியாது. எனக்குத் தெரிய வந்தது ஒரு நடுப்பகலில். நண்டு விற்க ஆரம்பாக்கம் சந்தைக்கு நடந்து போனவர் திரும்பி வந்தார். இடது காலில் செருப்பு இல்லை.

"செருப்பு எங்கயா?" என்றேன்.

குனிந்து காலைப் பார்த்தார். "இருந்துச்சே" என்றார். வழியில் எங்கோ கழன்று விழுந்திருக்கிறது, கொதிக்கிற மணலில் வெறுங்காலோடு நடந்து வந்திருக்கிறார், அது அவருக்குத் தெரியவே இல்லை. உள்ளங்கால் கொப்பளித்திருந்தது. நான் பக்கத்தில் போய் அவர் வாயை மோந்து பார்த்தேன். "உனுக்குமா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். கட்டிய பெண்டாட்டிக்கே புத்தி அப்படித்தான் போனது என்றால் ஊரைச் சொல்ல என்ன இருக்கிறது.

அதற்குப் பிறகு அடிக்கடி நடந்தது. பக்கத்துத் தெரு வரை போனால் ஒன்றும் இல்லை. தூரம் போனால், அதிலும் வெயிலில் போனால், இடது கால் பின்தங்க ஆரம்பிக்கும். இன்னும் போனால் முட்டி மடங்கும். நிழலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து எழுந்தால் மறுபடியும் நல்ல மனிதர். இந்த விளையாட்டை எந்த நோயும் காட்டி நான் பார்த்ததில்லை. காய்ச்சல் என்றால் காய்ச்சலாக இருக்கும். இது வந்து வந்து ஒளிந்துகொண்டது.

எல்லாவற்றையும் விட மோசமான ஒன்று உண்டு. ஏரியில் இறங்கிவிட்டால் அவருக்கு ஒரு குறையும் இல்லை. இடுப்பளவு தண்ணீரில், விடிகாலைக் குளிரில், கழி ஊன்றி வலை கட்டும்போது மற்றவர்களுக்குச் சமமாக நின்றார். தண்ணீர் உடம்பைத் தாங்கிக்கொள்ளும், சூடு ஏறாமல் வைத்துக்கொள்ளும் என்பதெல்லாம் பிற்பாடுதான் தெரிந்தது. எங்கள் ஆட்கள் ஒருவனின் காலை அளப்பது தண்ணீரில்தான். சேற்றில் புதையாமல், நீரோட்டம் இழுக்கும்போது சாயாமல் நிற்கிறவனுக்கு வேறு எங்கே என்ன குறை இருந்துவிட முடியும்? காலையில் ஏரியில் நிமிர்ந்து நின்றவன் மத்தியானம் கரையில் விழுகிறான் என்றால், நடுவில் எல்லைக்குப் போய் வந்திருக்கிறான். இப்படித்தான் அவர்கள் கணக்கு ஓடியது. மீன் பிடிக்கத் தெரியாத ஊராக இருந்திருந்தால் இவ்வளவு உறுதியாகத் தப்பு செய்திருக்க மாட்டார்கள்.

எங்கள் ஊருக்குச் சோறு போட்டது பாடு. பாடு என்றால் முறை. ஏரியில் இறால் ஓடுகிற இடங்கள் கொஞ்சம்தான். அங்கே வலை கட்ட, ஊரில் கல்யாணமான ஆண்கள் எல்லாருக்கும் ஆளுக்கொரு பங்கு உண்டு. யாருக்கு எந்த இடம், எந்த நாள் என்று கோயில் முன்னால் சீட்டு எடுத்து முடிவு செய்வார்கள். பங்கு உள்ளவன் ஊரில் ஓர் ஆள், அவன் பேச்சு சபையில் ஏறும். பங்கு இல்லாதவன் அடுத்தவன் வலையில் கூலிக்குப் போகிறவன். அவனும் சாப்பிடுவான், பிழைப்பான், ஆனால் கூட்டத்தில் பின்னால் நிற்பான்.

சீட்டு எடுக்கிற நாளில் குடித்துவிட்டு வரக் கூடாது என்பது ஊர்க் கட்டுப்பாடு. குடித்துவிட்டுத் தண்ணீரில் இறங்கிய ஒருவனைக் காப்பாற்றப் போய் இன்னொருவனும் செத்த கதை எல்லாருக்கும் நினைவிருந்தது. மீறினால் தண்டனை, சபை முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து தப்பு என்று சொல்ல வேண்டும், அடுத்த சீட்டு வரை, அந்த ஒரு சுற்று முழுக்க, வலை கட்டக் கூடாது. அடுத்த சுற்றில் பங்கு திரும்பி வந்துவிடும். விழுந்து எழுந்தவர்கள் ஊரில் நிறையப் பேர் இருந்தார்கள். யாருக்கும் அதனால் மூக்கு அறுந்து விழவில்லை.

அந்த வருஷம் சித்திரை வெயிலில் சீட்டு எடுத்தார்கள். காலையிலிருந்து எல்லா ஆண்களும் கோயில் மணலில் நின்றுகொண்டிருந்தார்கள். இவர் முறை வந்தபோது உச்சி வெயில். கூட்டத்திலிருந்து வெளியே வந்து சீட்டுப் பானையை நோக்கி நடந்தார். பெண்கள் பக்கம் நின்றிருந்த நான் அந்த இடது காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பானைக்கு எட்டடி முன்னால் முட்டி மடங்கியது. சமாளிக்கப் பார்த்தவர் நேராகப் பானை மேலேயே விழுந்தார். பானை உடைந்தது.

முதலில் சிரித்தார்கள். பானை உடைந்தது அபசகுனம் என்று யாரோ சொன்னதும் சிரிப்பு நின்றது. ஊர்த் தலைவர் எழுந்து வந்தார். அவர் என் வீட்டுக்காரருக்குப் பெரியப்பா முறை.

"டேய், ஊது" என்றார்.

இவர் ஊதினார். பெரியவர் மோந்து பார்த்தார், முகத்தைச் சுளித்தார், மறுபடியும் மோந்தார். வாசம் எதுவும் வரவில்லை போலிருக்கிறது. கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது: "லவங்கம் மென்னு துப்பிட்டு வந்திருப்பான்." அந்தக் குரல் யாருடையது என்று எனக்குத் தெரியும். அந்த ஆள் தினமும் லவங்கம் மெல்கிறவன்.

அவரைப் பூவரச மர நிழலில் உட்கார வைத்துத் தலையில் தண்ணீர் ஊற்றினார்கள். கொஞ்ச நேரம் கழித்து, "எழுந்து வலைக்கொட்டாய் வரைக்கும் நட, பாப்போம்" என்றார் பெரியவர். இவர் எழுந்து நடந்தார். கோயிலிலிருந்து வலைக்கொட்டகைக்கு என்ன தூரம், ஒரு மூச்சுக்குள் போய்விடலாம். வழக்கம் போல நேராக நடந்தார். போய்த் திரும்பியும் வந்தார்.

"பாத்தியா, தண்ணி ஊத்தினதும் தெளிஞ்சிட்டான்" என்றது சபை. முடிந்தது தீர்ப்பு.

இவர் விழ மறுத்துவிட்டார். குடிக்காத வாயால் குடித்தேன் என்று சொல்ல மாட்டேன் என்றார். விழும் வரை பங்கு கிடையாது என்றார்கள். அன்று வீட்டுக்கு வந்து நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

"விழுந்து கும்பிட்டுட்டு வாயா. ஒரு சுத்து போனா போவுது. அடுத்த சுத்து வலை கட்டலாம். உன் மானம் ஒலைல வெச்சி வேகுமா?"

"எங்க நைனா செத்ததே குடிச்சிட்டு. நான் அந்த வாசமே வேணாம்னு இருந்தேன். அது உனுக்கும் தெரியும்" என்றார். இந்த மனிதரிடம் பேசுவதும் ஒன்று, சுவரில் முட்டிக்கொள்வதும் ஒன்று. ஆனால் அவர் சொன்னது எனக்குத் தெரியும்தான். கல்யாணம் ஆன புதிதில் மாமனார் செத்துக் கிடந்த இடத்தை எனக்குக் காட்டியிருக்கிறார்.

மெட்ராஸில் டாக்டரிடம் காட்டுகிறேன், நோய் என்று அவர் சொன்னால் ஒப்புக்கொள்வீர்களா என்று இவர் சபையில் கேட்டார். சரி என்றார்கள். டாக்டர் சொன்னதை நாங்கள் வந்து மாற்றிச் சொல்லிவிடக் கூடாது என்று, அவருடைய சித்தப்பா மகனைக் கூடவே அனுப்பினார்கள். எனக்குக் கொழுந்தன் முறை, கெட்டவன் இல்லை.

எந்த ஆஸ்பத்திரி என்று சொல்ல வேண்டாம், டாக்டரும் பாவம், வாசல் வரை கூட்டம். பஸ்ஸில் உட்கார்ந்து வந்து, அங்கே பெஞ்சில் பாதி நாள் உட்கார்ந்து, மின்விசிறிக்குக் கீழே காத்திருந்து, இவர் உள்ளே போகும்போது மாப்பிள்ளை போல இருந்தார். டாக்டர் முட்டியில் தட்டிப் பார்த்தார். இரண்டு காலும் துள்ளின. "கதவு வரைக்கும் நடந்துட்டு வாங்க" என்றார். இவர் நடந்தார். நான் மனதுக்குள் விழு, விழு என்று வேண்டிக்கொண்டேன். கட்டியவன் விழ வேண்டும் என்று சாமியை வேண்டிய பெண்டாட்டி நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அவர் விழவில்லை. இன்னும் ஒரு தடவை நடக்கச் சொன்னார், அப்போதும் விழவில்லை.

"நல்லாத்தானே நடக்கிறார்? பலவீனம்தான். சத்து மாத்திரை எழுதித் தரேன்."

"தூரம் நடந்தா விழறாருங்க" என்றேன்.

"யாரும்மா தூரம் நடந்தா களைச்சுப் போக மாட்டாங்க? அடுத்த ஆள் வாங்க."

வெளியே வந்ததும் கொழுந்தன் நைலான் நூல் வாங்கப் பாரிமுனைக் கடைகளுக்குப் போனான். பஸ் ஸ்டாண்டில் சந்திப்பதாகப் பேச்சு. நாங்கள் வெயிலில் நடந்தோம். ரொம்ப தூரம் போகவில்லை. நடைபாதையில், பழக்கூடைகளுக்கு நடுவே, இவர் இரண்டு காலும் வராமல் அப்படியே குந்திவிட்டார். ஒரு டாக்டரும் அந்த நேரத்தில் அந்த வழியாக வரவில்லை. கொழுந்தன்தான் எங்களைத் தேடிக்கொண்டு திரும்பி வந்தான். நான் அவரைச் சுவரில் சாய்த்து வைத்துத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்ததைப் பார்த்தான். பார்த்துவிட்டு என் காதருகே வந்து மெல்லக் கேட்டான்:

"இன்னா அண்ணி, அதுக்குள்ள எங்க போயி ஊத்திகினாரு?"

நான் அவனை அங்கேயே அறைந்திருப்பேன். கையில் தண்ணீர்ச் செம்பு இருந்தது.

ஊரில் கொழுந்தன் பொய் சொல்லவில்லை. டாக்டர் நடக்கவிட்டுப் பார்த்தார், நன்றாக நடக்கிறார் என்றார், சத்து மாத்திரை கொடுத்தார் என்று நடந்ததைத்தான் சொன்னான். அவ்வளவுதான், எல்லாருக்கும் தெளிவாகிவிட்டது.

அன்று சபையில் இவர் எழுந்து பேசியது எனக்கு இன்றும் காதில் இருக்கிறது. "கோயில்லேந்து கொட்டாய் வரைக்கும் நடக்க வுட்டா நான் நல்லாத்தான் நடப்பேன். கதவு வரைக்கும் நடக்க வுட்டாலும் நடப்பேன். என்னை ஆரம்பாக்கம் வரைக்கும் நடக்க வுட்டுப் பாருங்க. காலைல வேணாம், உச்சி வெயில்ல. மொத நாளே என்னைப் பெரிப்பா வூட்டுல வெச்சிக்கோங்க. அவுங்க குடுக்கறத சாப்புடறேன், அவுங்க குடுக்கற தண்ணியத்தான் குடிப்பேன். அப்பவும் நான் விழுந்தா, அது இன்னான்னு நீங்களே சொல்லுங்க."

பெரியவர் சபையை ஒரு தடவை பார்த்துவிட்டுச் சரி என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அவர் பெரியப்பா வீட்டுக்குப் புறப்படும் முன் வாசலை மறித்துக்கொண்டு நின்றேன். "சரியா, நீ விழற. குடிக்கலைன்னு ஆயிடும். அப்புறம் இன்னா? நடக்க முடியாதவனுக்கு இவுங்க பாட்டுக்குப் பங்கு குடுத்துடுவாங்களா? அத நெனச்சியா?"

"சீக்காளிய ஊர் கை வுடாது" என்றார். அப்படி நம்பினார். ஊர் அவரைக் கைவிடவும் இல்லை, அதையும் சொல்ல வேண்டும்.

மறுநாள் உச்சி வெயிலில் புறப்பட்டோம். பெரியவர், சபையில் நாலைந்து பேர், கொழுந்தன், பின்னால் நான். வர வேண்டாம் என்றார்கள், காதில் விழாத மாதிரி நடந்தேன்.

பனைமரங்கள் வரை அவர் நன்றாகவே போனார். கொழுந்தனைக் கேலிகூடச் செய்தார், "இன்னாடா, நீ மூச்சு வாங்கற?" என்று. பெரியவர் முகம் இறுகிக்கொண்டே வந்தது, ஏமாற்றப்பட்டோம் என்று நினைத்திருப்பார். உப்பு மண்ணைத் தாண்டிச் சவுக்குத் தோப்பு வந்தபோது இடது கால் மணலில் கோடு போட ஆரம்பித்தது. செருப்பு கழன்றது. அவருக்குத் தெரியவில்லை. நடந்துகொண்டே இருந்தார். பெரியவர் குனிந்து அந்தச் செருப்பை எடுத்தார். தன்னை விடச் சின்னவனின் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஊர்த் தலைவர் நடந்ததை நான் அன்றுதான் பார்த்தேன்.

தோப்பைத் தாண்டியதும் முதல் தடவை விழுந்தார். எழுந்தார். கொஞ்சம் போய் மறுபடியும் விழுந்தார். கொழுந்தன் ஓடிப்போய்க் கை கொடுத்தான்.

"தொடாத" என்று கத்தினார். "பெரிப்பா பாக்கட்டும்."

பிறகு எழ முடியவில்லை. முழங்காலில் போனார். அதுவும் முடியாமல் கைகளை ஊன்றி உடம்பை இழுத்துக்கொண்டு போனார். லுங்கி நனைந்திருந்தது. வியர்வை என்று நினைத்தேன், கிட்டே போனதும் தெரிந்துவிட்டது. சிறுநீர் தானாகப் போயிருக்கிறது. மற்றவர்கள் பார்க்கும் முன் என் முந்தானையை அவிழ்த்து மேலே போட்டேன். என்னால் தாங்க முடியவில்லை, வாய்விட்டு அழுதேன். பெரியவரும் அழுதார். செருப்பைக் கீழே போட்டுவிட்டு மணலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"போதும் நைனா. போதும்."

"ஆரம்பாக்கம் இன்னும் வரலியே" என்றார் இவர்.

விறகு ஏற்றிப் போன மாட்டு வண்டி ஒன்றை நிறுத்தி, விறகை இறக்கி, அவரைப் படுக்க வைத்து ஊருக்குக் கொண்டுவந்தோம். வண்டியில் அவர் தலை என் மடியில் இருந்தது. முகமெல்லாம் மணல், உதடு வெடித்திருந்தது. ஆனால் சிரித்துக்கொண்டிருந்தார். ஜெயித்துவிட்டாராம். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை எங்கள் கல்யாணத்தன்றுகூட நான் பார்த்ததில்லை.

இரண்டு நாள் கழித்துச் சபை கூடியது. அவருக்காகவே மரத்தடியில் கூட்டினார்கள், கயிற்றுக் கட்டில் போட்டு உட்கார வைத்தார்கள். லவங்கம் மெல்கிறவன் முதல் ஆளாக எழுந்து, தப்பாகப் பேசிவிட்டேன், மனசுல வெச்சிக்காத என்று கை கூப்பினான். எல்லாரும் அன்பாக இருந்தார்கள். அந்த அன்புதான் எனக்குப் பயமாக இருந்தது.

பெரியவர் பேசினார். "நீ குடிக்கலடா நைனா. ஊரு தப்பா பேசிடுச்சி. உனுக்கு சீக்கு. இனிமே நீ செரமப்படக் கூடாது. வூட்ல குந்து. பங்கப் பத்தி நீ நெனைக்காத. அத ஊரு பாத்துக்கும்."

"பங்கு எனக்குத்தானே?" என்று கேட்டார் இவர்.

எல்லாரும் பெரியவர் முகத்தைப் பார்த்தார்கள்.

"பெரிப்பா, தண்ணில எனக்கு ஒண்ணும் ஆவறதில்ல. இத்தினி பேரு பாத்துகீறீங்க. என்னைத் தண்ணில நிக்க வெச்சிப் பாருங்க."

பெரியவர் அவர் தோளில் கை வைத்தார். "தண்ணிக்குப் போவணும்னாலும் கரை மேலதானே நடக்கணும். நடு ஏரில உனுக்கு அந்த மாதிரி ஆச்சின்னா, கட்டின வலைய வுட்டுட்டு உன்னை யாரு தூக்குறது? நீ ஒருத்தன் போய், உன்னைத் தூக்கப் போறவனும் போவணுமா?"

அதில் ஒரு வார்த்தையும் பொய்யில்லை. அதனால்தான் எனக்கு இன்றும் அந்தக் கிழவரைத் திட்ட வாய் வரமாட்டேன் என்கிறது. திட்ட ஆசை மட்டும் போகவில்லை.

என் வீட்டுக்காரர் கட்டிலிலிருந்து மெதுவாக இறங்கினார். நிழலில் உட்கார்ந்திருந்ததால் கால்கள் நன்றாக இருந்தன. நேராக நடந்து போய்ச் சபை நடுவில், எல்லார் முன்னாலும் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

"நான் குடிச்சிருந்தேன்" என்றார். "அன்னிக்கும் குடிச்சிருந்தேன், ஆரம்பாக்கம் போன அன்னிக்கும் யாருக்கும் தெரியாம குடிச்சிட்டுத்தான் வந்தேன். தப்பு. ஒரு சுத்து என்னை நிறுத்தி வெச்சிடுங்க. அடுத்த சுத்து பங்கு குடுத்துடுங்க."

யாரும் நம்பவில்லை. அவ்வளவு பாடுபட்டு நம்ப வைத்திருந்தார் அல்லவா. கொழுந்தன் வந்து அவரை எடுத்து நிறுத்தி, உடம்பில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டு, வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தான்.

அடுத்த சுற்று ஆரம்பித்த அன்று சாயங்காலம் பெரியவர் வீட்டு மருமகள் ஒரு கூடையைக் கொண்டுவந்து எங்கள் வாசலில் வைத்தாள். இறாலும் கொஞ்சம் மீனும் இருந்தன. எனக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று. எங்கள் ஊரில் பங்குள்ள ஆண் தன் மீனைக் கரையில், மணலில் நின்று, தானே அள்ளிக்கொள்வான். வாசலுக்குக் கூடையாக வருவது தாலியறுத்தவர்கள் வீட்டுக்கு. ஆண் இல்லாத வீடு பட்டினி கிடக்கக் கூடாது என்று ஊர் வைத்திருக்கும் ஏற்பாடு அது. நல்ல ஏற்பாடு. என் கழுத்தில் தாலி இருந்தது, உள்ளே அவர் உட்கார்ந்திருந்தார், வாசலில் கூடை இருந்தது.

"யாரு வந்தது?" என்று உள்ளேயிருந்து கேட்டார்.

"பெரியவர் வூட்டுப் பொண்ணு. மீன் குடுத்துது."

"கூடையிலயா?"

நான் இறாலைப் பொறுக்குகிற மாதிரி குனிந்துகொண்டேன். கூடையைத் திருப்பி அனுப்பலாமா என்று கை துறுதுறுத்தது. வீட்டில் அரிசியைத் தவிர வேறொன்றும் இல்லை. குழம்பு வைத்தேன். அவர் சாப்பிட்டார், நானும் சாப்பிட்டேன்.

எண்பதுகளில் கால்கள் இரண்டும் விறைக்க ஆரம்பித்த பிறகு, மறுபடியும் மெட்ராஸுக்குக் கூட்டிக்கொண்டு போனோம். வேறு ஆஸ்பத்திரி. அங்கே ஓர் அம்மா டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே அவரைத் தடியோடு முதலில் கொஞ்ச தூரம் நடக்கவிட்டார். பிறகு நீள வராந்தாவில் முடிகிற வரை போய்ப் போய் வரச் சொன்னார், கூடவே தானும் நடந்தார். எதற்கு இரண்டு தடவை என்று கேட்டேன். கொஞ்ச தூரம் நடக்கவிட்டால் கால் எவ்வளவு வேகமாகப் போகும் என்று தெரியும், நிறைய தூரம் நடக்கவிட்டால்தான் எங்கே தீர்ந்துபோகிறது என்று தெரியும், இவருடைய நோயை முதல் நடை மறைத்துவிடும், இரண்டாவதுதான் காட்டிக்கொடுக்கும் என்றார். முதுகுத்தண்டில் நரம்புகளின் மேலிருக்கும் உறை அங்கங்கே கெட்டுப் போயிருக்கிறதாம். பொறுமையாக, படம் வரைந்து சொன்னார்.

"இத அன்னிக்கே பண்ணியிருந்தா?" என்றேன்.

"அன்னைக்கே பேர் தெரிஞ்சிருக்கும்மா. மருந்து அன்னைக்கும் இல்லை, இன்னைக்கும் இல்லை" என்றார். நல்ல டாக்டர். பொய் சொல்லவில்லை.

என் வீட்டுக்காரர் அவரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "தண்ணில நடக்க வுட்டுப் பாக்க மாட்டீங்களாம்மா?" டாக்டர் அவரை நிமிர்ந்து பார்த்தார். ஆஸ்பத்திரியில் அதற்கு வசதி இல்லை என்றார். அது நல்ல யோசனைதான் என்றும் சொன்னார். ஊருக்குத் திரும்பி வருகிற வழியெல்லாம் அவர் அதையே சொல்லிக்கொண்டு வந்தார், நல்ல யோசனைதான்னு டாக்டரம்மாவே சொன்னாங்க இல்ல என்று.

அதற்குப் பிறகு படுக்கையில் கிடந்தார். புண் வந்தது, நான் கழுவினேன், ஆறவில்லை. ஒரு மழைக்காலத்தில், ஏரி நிறைந்து கரையைத் தொட்டுக்கொண்டிருந்த நாளில், காய்ச்சல் கண்டு செத்துப்போனார். ஊரே வந்தது. பெரியவர் அப்போது இல்லை, இவருக்கு முன்பே போய்விட்டார். புதுத் தலைவர் வந்து ஆக வேண்டியதையெல்லாம் முன்னின்று செய்தார். ஒரு குறை சொல்ல முடியாது.

காரியம் முடிந்த பிறகு, ஆண் போன வீட்டுக்கு என்ன ஏற்பாடு என்று முடிவு செய்யச் சபை கூடியது. அப்படிக் கூடுவது வழக்கம். வந்து உட்கார்ந்தார்கள், வெற்றிலை போட்டார்கள், ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். என் விஷயத்தில் மாற்றுவதற்கு எதுவும் இல்லை. எழுந்து போய்விட்டார்கள். சாயங்காலம் வழக்கம் போலக் கூடை வந்தது.